காணாமல் சொன்ன தீர்ப்பு



முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். வினாவைப் படித்துப் பாராமலே விடை எழுதத் தொடங்கும் மாணவனைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். "தம்பி, முதலில் வினாவைப் படி" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை. அத்தகைய விடை ஒன்றை, ஓய்வு பெற்ற பின், நானே எழுதிவிட்டேன். அதைச் சுட்டிக்காட்டியவள் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி. அந்த நிகழ்ச்சியையும், அதிலிருந்து நான் கற்ற பாடத்தையும் இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

புதுச்சேரி நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பிள்ளைச்சாவடி என்னும் ஊரில் நான் வாழ்கிறேன். முன்னர்ப் பொறியியற் கல்லூரியாய் இருந்து இப்பொழுது தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக விளங்கும் பெரிய வளாகம் அங்கேதான் இருக்கிறது. சற்று நடந்தால் மீனவர் குடியிருப்பு, அதற்கப்பால் கடல். அலை கரையை அரித்துவிடாமல் இருக்கக் கொட்டிய கருங்கற்கள் அங்கே கிடக்கின்றன. மாலை வேளையில் அக்கற்களின் மேல் இளைஞர்கள் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நானும் காலாற நடந்து அப்பக்கம் செல்வதுண்டு.

ஒரு நாள் மாலை, "ஐயா, ஒரு வழக்கு இருக்கிறது, நீங்கள்தாம் தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்று என்னை அழைத்தார்கள். வழக்கின் பொருள் இரண்டு திரைப்படங்கள். ஒன்று, இயக்குநர் ஷங்கர் எடுத்து 2010ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 'எந்திரன்'. மற்றொன்று, அதன் தொடர்ச்சியாக அவரே எடுத்து 2018ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த '2.0'. இரண்டிலும் ரஜினிகாந்த் விஞ்ஞானி வசீகரனாகவும், அவர் படைத்த இயந்திர மனிதன் சிட்டியாகவும் நடித்திருக்கிறார். இவற்றில் எது சிறந்தது?

பொறியியல் பயிலும் இளைஞர் ஒருவர் 'எந்திரன்' கட்சி. அவருடைய சிற்றப்பன் மகள், பதினோராம் வகுப்பு மாணவி, '2.0' கட்சி. இவ்வழக்கு அன்று தொடங்கியதன்று. பத்து நாளாக நடந்துகொண்டிருந்ததாம். "உனக்கென்ன தெரியும், சிறு பெண்" என்று அண்ணன் ஒரு நாள் சொல்லிவிட்டார். அதனால் அவள் அவரிடம் கணக்குப் பாடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்குக் கணக்குச் சொல்லித் தர வீட்டில் வேறு எவரும் இல்லை. ஒரு திரைப்படம் குறித்த வாதம் ஒரு மாணவியின் படிப்பைத் தொட்டுவிட்டது. இஃது எனக்கு அப்பொழுது தெரியாது.

நான் தயங்கவில்லை. "இதில் ஐயமென்ன? முதற்படமே சிறந்தது. அதன் உரையாடலில் எழுத்தாளர் சுஜாதாவின் கை இருக்கிறது. இரண்டாவது வெறும் ஆரவாரம்" என்று தீர்ப்பு வழங்கினேன். இளைஞர்கள் கைதட்டினார்கள். அந்தப் பெண் மட்டும் எழுந்து நின்று, மிகப் பணிவாக, "ஐயா, நீங்கள் இரண்டாம் படத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள்.

நான் பார்த்திருக்கவில்லை.

"பார்த்தவர்கள் சொன்னார்கள்" என்று ஏதோ முணுமுணுத்தேன். அவள் ஒன்றும் கூறாமல் அமர்ந்துவிட்டாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு நடந்து வந்தது. எப்பொருளை எவர் கூறக் கேட்டாலும் அதன் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்னும் வள்ளுவர் வாக்கை எத்தனை வகுப்புகளுக்கு விளக்கியவன் நான்! அப்படியிருக்க, காணாத ஒன்றைக் குறித்து நான் ஏன் தீர்ப்புக் கூறினேன்?

எண்ணிப் பார்த்ததில் காரணம் விளங்கிற்று. ஆசிரியப் பணியில் நான் புதியவனாய் இருந்த 1980களில், சுஜாதா 'என் இனிய இயந்திரா' என்னும் விஞ்ஞானப் புனைகதையை ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். 2021ஆம் ஆண்டில் நடப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட கதை அது. அதில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாய் எங்களுக்கு உற்ற தோழன் போல் ஆகிவிட்டது. பின்னர் அதன் தொடர்ச்சியாக 'மீண்டும் ஜீனோ' வந்தபொழுது, ஆசிரியர் ஓய்வறையில் பெரும் போர்! "முதற்கதையின் விறுவிறுப்பு இதில் இல்லை" என்பார் ஒருவர். "இதில்தான் ஜீனோ உண்மையில் வளர்கிறது" என்பார் மற்றொருவர். நான் முதற்கதையின் பக்கம் நின்றேன். 2008ஆம் ஆண்டு சுஜாதா மறைந்தார். அவர் பங்கு கொண்ட 'எந்திரன்' அதன் பிறகு வெளிவந்தபொழுது, என் இளமையே திரும்பி வந்ததாக எண்ணி மகிழ்ந்தேன். ஆகவே நான் கடற்கரையில் போற்றியது முதற்படத்தை அன்று, என் இளமையைத்தான். பழையதன்மேல் நமக்குள்ள பற்று பல வேளைகளில் பழையதன் சிறப்பைக் குறித்ததன்று. அதை முதலிற் கண்ட பொழுது நாம் இருந்த நிலையைக் குறித்தது அது.

இந்தக் குறை எனக்கு மட்டும் உரியதன்று. விஞ்ஞானக் கதைகள் தொடராக வளரும் நாடுகளிலெல்லாம் இவ்வழக்கு நடந்தே வருகிறது. முதற்பகுதியைக் கண்டு வளர்ந்தவர், புதியது எதுவாயினும் முகம் சுளிப்பர். புதியதோடு அறிமுகமானவர், பழையதைப் பொறுமையின்றித் தள்ளுவர். இருவரும் தம் வயதையே வாதமாக எடுத்துரைக்கிறார்கள்.

அப்படியானால் முறையாக ஆராய்வது எப்படி? இரண்டு படங்களையும் வரிசையாக, கையில் ஒரு குறிப்பேட்டோடு பார்த்தேன். அதற்கு முன், அளவுகோல் ஒன்று வேண்டும் என்று எண்ணினேன். அது நம் இலக்கியத்திலேயே கிடைத்தது. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இரட்டைக் காப்பியங்கள் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். சிலம்பில் தோன்றும் மாதவியின் மகளே மணிமேகலை. அந்த நூல் கண்ணகியின் வழக்கை மறுபடியும் நடத்தவில்லை. மதுரையை மறுபடியும் எரிக்கவில்லை. பசி என்னும் பிணியை எடுத்துக்கொண்டு, துறவு வாழ்வின் பொருளை ஆராய்கிறது. பழைய கதையிலிருந்து வேர் கொண்டு, புதிய வினா ஒன்றைத் தன் வினாவாக ஏற்கிறது. இதுவே தொடர்ச்சிக்கு இலக்கணம் என்று கொள்ளலாம். முதற்பகுதியின் வினா யாது? புதிய பகுதி அவ்வினாவை மேலே கொண்டு சென்றதா, அல்லது தனக்குரிய வினா ஒன்றைக் கொணர்ந்ததா? கொணர்ந்த வினாவுக்கு நேர்மையாக முகம் கொடுத்ததா? இம்மூன்றையும் கேட்டுப் பார்த்தேன்.

'எந்திரன்' எழுப்பும் வினா தெளிவானது. தீப்பற்றிய கட்டடத்திலிருந்து மக்களைச் சிட்டி காப்பாற்றுகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் இருந்தபடியே தூக்கி வருகிறது. பலர் முன் நின்ற நாணம் தாங்காமல் அப்பெண் ஓடி, வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காப்பதே கடமை என்று அறிந்த இயந்திரத்துக்கு, மானம் என்பது யாது என்று தெரியவில்லை. ஆதலால் வசீகரன் அதற்கு உணர்ச்சியைக் கற்பிக்கிறார். உணர்ச்சி வந்ததும் காதல் வருகிறது, பொறாமை வருகிறது, பகைவன் கையில் சிக்கியதும் அழிவு வருகிறது. இறுதியில் நீதிமன்றத்தின் ஆணைப்படி சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறது. பின்னொரு நாள், அருங்காட்சியகத்தில் ஒரு குழந்தை காரணம் கேட்க, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்னும் பொருள்பட அது விடை கூறுகிறது. அறிவு மட்டும் உள்ள இயந்திரம் ஆபத்து. உணர்ச்சியும் சேர்ந்த இயந்திரமும் ஆபத்து. அங்ஙனமாயின் படைத்தவனின் பொறுப்பு எது? 1942ஆம் ஆண்டு ஐசக் அசிமாவ் என்னும் எழுத்தாளர் இயந்திர மனிதருக்கு மூன்று விதிகளை வகுத்துக் கதை எழுதினார். அன்று முதல் உலகம் ஆராய்ந்து வரும் வினா இது. அதைத் தமிழ் மக்கள் அனைவருக்கும் விளங்கும்படி கேட்டது முதற்படத்தின் சிறப்பு.

'2.0' வேறு வினாவைக் கேட்கிறது. மக்கள் கையிலிருந்த கைப்பேசிகளெல்லாம் ஒரு நாள் பறந்து மறைகின்றன. அவற்றைக் கவர்ந்தது பட்சிராஜன் என்னும் பறவை ஆராய்ச்சியாளரின் ஆவி. கைப்பேசிக் கோபுரங்களின் அலைகளால் பறவைகள் மடிகின்றன என்று முறையிட்டு, கேட்பார் இல்லாமல், அக்கோபுரத்திலேயே உயிரை விட்டவர் அவர். முதற்படம் இயந்திரத்தை நோக்கி விரல் நீட்டிற்று. இரண்டாம் படம் நம்மை நோக்கி நீட்டுகிறது. "உன் கையிலிருக்கும் இக்கருவிக்காக வேறு உயிர்கள் கொடுக்கும் விலை என்ன?" என்று கேட்கிறது. எழுத்தாளர் ஜெயமோகன் இதன் உரையாடலில் பங்கு கொண்டவர். இதை வெறும் ஆரவாரம் என்று நான் கூறியது தவறு. ஆரவாரம் உண்டு. ஆனால் முதற்படத்தின் இறுதியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் உருண்டையாகவும் பாம்பாகவும் திரண்டு போர் புரிவது மட்டும் அமைதியோ? ஒன்றில் மன்னித்த குற்றத்தை மற்றொன்றில் தண்டிப்பது நடுநிலை ஆகாது.

மறுவாரம் கருங்கற்களின் மேல் மீண்டும் கூடினோம். எல்லோரும் கேட்க, "அம்மா, நான் படத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னேன், அது என் பிழை" என்று கூறினேன். அவளுக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, "உனக்கு ஏன் அந்தப் படம் பிடித்தது?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியைப் பத்து நாளும் அவளிடம் எவரும் கேட்டதில்லையாம்.

அவள் சொன்னாள்: "ஐயா, என் தாத்தா கடலுக்குப் போனவர். ஆலாப் பறவை கூட்டமாகத் தண்ணீரில் பாயும் இடத்தைப் பார்த்துத்தான் மீன் இருக்கும் இடத்தை அறிவார். இப்பொழுது முன்போல் பறவைகளைக் காணோம் என்று அடிக்கடி வருந்துவார். பட்சிராஜன் பேசியபொழுது என் தாத்தா பேசுவது போலவே இருந்தது."

அண்ணன் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவருக்கும் அவர் தாத்தா அல்லவா! ஆனாலும் அவர் தம் வாதத்தை விடவில்லை. விட வேண்டியதும் இல்லை. "பாட்டனாரின் வருத்தம் உண்மை. ஆனால் கைப்பேசி அலையால் பறவை சாகிறது என்பதற்குச் சான்று உண்டா? விஞ்ஞானம் பிழையானால் விஞ்ஞானக் கதை என்னாவது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இப்பொழுதுதான் வாதம் தொடங்கிற்று என்பேன்.

சான்றைப் பார்ப்போம். 'இந்தியப் பறவைகளின் நிலை' என்னும் அறிக்கை 2020ஆம் ஆண்டு வெளிவந்தது. பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்துள்ளது என்றும், நாடு முழுவதையும் நோக்கினால் அதன் தொகை ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்றும் அது கூறுகிறது. கைப்பேசிக் கோபுரமே காரணம் என்பதற்குச் சான்றில்லை என்றும் கூறுகிறது. குஞ்சுகளுக்கு வேண்டிய பூச்சிகள் குறைவதும், கூடு கட்ட இடம் இல்லாமற் போவதும் காரணங்களாக எண்ணப்படுகின்றன. மற்றொரு பக்கமும் உண்டு. ஜெர்மனியில் ஓல்டன்பர்க் நகரில் ராபின் என்னும் சிறு பறவைகளை வைத்து ஆராய்ந்தனர். நகரத்து மின்கருவிகளிலிருந்து எழும் மின்காந்த இரைச்சல், அப்பறவைகள் பூமியின் காந்தப்புலத்தைக் கொண்டு திசை அறியும் ஆற்றலைக் குலைக்கிறது என்று கண்டனர். 2014ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். ஆனால் அந்த அலைகள் கைப்பேசி அலைகள் அல்ல. மத்திய அலை வானொலி இயங்கும் பகுதியைச் சேர்ந்த, மிகக் குறைந்த அதிர்வெண் உடையவை. நேயர்களே, வானொலியில் பேசும் நான் இதை மறைக்கலாகாது அன்றோ! அப்பறவைகள் இறந்ததாகவும் அந்த ஆராய்ச்சி கூறவில்லை. திசை தடுமாறின என்பதே முடிவு.

எனவே, படத்தின் விஞ்ஞானம் வலுவற்றது. அதனால் கதை வீழ்ந்துவிடுமா? இங்கே பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் நினைவுக்கு வருகிறார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊராதலின், அவர் பெயர் புதுச்சேரிக்குப் புதிதன்று. 1865ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய கதையில், 900 அடி நீளமுள்ள பீரங்கியிலிருந்து மூவர் சந்திரனை நோக்கிச் சுடப்படுகிறார்கள். உண்மையில் அங்ஙனம் செய்தால், வெடித்த கணத்திலேயே அவர்கள் உடல் நசுங்கிவிடும். எனினும் அக்கதை வீழவில்லை. அவர்களைச் சந்திரனைச் சுற்றவிட்டு முதல் நூலை முடித்தார். அவர்கள் கதி என்ன என்பதைத் தொடர்ச்சி நூலில் கூறினார். அந்நூல் 1870இல் வெளிவந்தது. உலகம் இரண்டையும் மகிழ்ந்து படித்தது. அவருடைய நீர்மூழ்கித் தலைவன் நேமோ யார் என்னும் மறைபொருளும், 1875இல் நிறைவெய்திய 'மர்மத்தீவு' என்னும் பிந்திய நூலில்தான் வெளிப்படுகிறது. நேமோ நம் நாட்டு புந்தேல்கண்டு இளவரசனாம்! இரு நூல்களின் ஆண்டுக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று வாசகர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் முன்னைய நூலுக்குப் பின்னைய நூல் தந்த ஒளியை எவரும் மறுக்கவில்லை.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வெர்னின் பீரங்கி நம்மை வியக்கச் சொல்கிறது, '2.0' நம்மைச் சினக்கச் சொல்கிறது. படம் வெளிவருமுன்பே கைப்பேசிச் சேவை நிறுவனங்களின் சங்கம் தணிக்கைத் துறையிடம் முறையிட்டது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். வியப்பூட்டும் கதையில் விஞ்ஞானம் சற்றுப் பிழைத்தால் கேடில்லை. இன்னார் குற்றவாளி என்று கைகாட்டும் கதைக்கு உண்மையின் பொறுப்பு மிகுதி. தவறான குற்றவாளியைக் காட்டினால், உண்மையான குற்றவாளி தப்பிவிடுகிறான். கோபுரத்தைச் சினந்துகொண்டே நாம் ஏரியைத் தூர்க்கலாம். வயலில் நஞ்சைத் தெளிக்கலாம். பறவை குறைந்துகொண்டே போகும். அந்த முதியவரின் வருத்தத்துக்கு நீதி கிடைக்க வேண்டுமானால் காரணத்தைச் சரியாகத் தேட வேண்டும்.

இன்னொரு குறையையும் கூறினேன். இரண்டாம் படத்தின் இறுதியில், வெற்றி பெறுவதற்காகச் சிட்டியின் சிறு வடிவங்கள் புறாக்களைப் பிணையாக வைத்துப் பட்சிராஜனை மிரட்டுகின்றன. முதற்படத்தில் தவறு செய்ததற்காகத் தன்னையே கழற்றிக்கொண்ட சிட்டியா இது? அறம் கற்ற இயந்திரம் அறமல்லாத வழியில் வெல்வது முறையா? படம் இதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் கடந்துவிட்டது. முதற்பகுதியின் வினாவை மேலே கொண்டு செல்லக் கிடைத்த அரிய வாய்ப்பு அங்கே நழுவிற்று. "ஆமாம் ஐயா, அந்த இடத்தில் எனக்கும் மனம் ஒப்பவில்லை" என்றாள் அந்தப் பெண். தான் விரும்பும் படத்தின் குறையைத் தானே ஒப்புக்கொண்டாள். உடனே அண்ணனும், "முதற்படத்தில் தீயில் காப்பாற்றிய பெண் இறந்தபின், அவளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அதுவும் குறைதான்" என்றார். அவரவர் கட்சியின் குறையை அவரவரே எடுத்துக்கூறிய அந்த மாலையை நான் மறக்கவில்லை.

"அப்படியானால் தீர்ப்பு?" என்று மற்றவர்கள் வற்புறுத்தினார்கள். நான் கூறியது இதுதான்: வினாவைக் கட்டுக்கோப்போடு இறுதி வரை நடத்துவதில் 'எந்திரன்' மேம்பட்டது. பழையதையே திருப்பிச் சொல்லாமல் வேறு வினாவுக்குத் துணிந்ததில் '2.0' பாராட்டுக்குரியது, அவ்வினாவுக்கு உண்மையான விடை தேடுவதில் அது தவறிற்று. என் கணக்கில் முதற்படமே சற்று முன்னிற்கிறது. ஆகவே நான் முதல் நாள் கூறிய முடிவும் பின்னர்க் கூறிய முடிவும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் முதல் நாள் அதைக் கூற எனக்கு உரிமை இருக்கவில்லை. கணக்கில் விடை சரியாக இருந்தும் வழிமுறை இல்லையென்றால் நாங்கள் மதிப்பெண் தருவதில்லை. எனக்கும் அன்று மதிப்பெண் இல்லை.

மாணவ நண்பர்களே, நீங்கள் விரும்பும் கதைகளுக்காக வாதாடுங்கள். அது வீண்பொழுது என்று பெரியவர்கள் கூறினால் நம்ப வேண்டா. ஒரு கதை எதைக் கேட்கிறது, எப்படிக் கேட்கிறது, எங்கே தவறுகிறது என்று ஆராயும் பழக்கம், நாளை ஒரு சட்டத்தையும் ஒரு செய்தியையும் ஆராய உங்களுக்குத் துணை நிற்கும். ஆனால் வாதாடுமுன் இரண்டையும் பாருங்கள், இரண்டையும் படியுங்கள். எதிரே நிற்பவரிடம், "உனக்கு இது ஏன் பிடித்தது?" என்று ஒரு முறையேனும் கேளுங்கள். வயதில் இளையவர் என்பதற்காக ஒருவர் வாயை அடைக்காதீர்கள். வயதில் மூத்தவர் என்பதற்காக ஒருவர் தீர்ப்பைச் சோதிக்காமல் ஏற்காதீர்கள்.

அதன்பின் சில நாள் கழித்து அக்கடற்கரைப் பக்கம் சென்றேன். அண்ணனும் தங்கையும் கல்லின்மேல் அமர்ந்திருந்தார்கள். நடுவில் கணக்குப் புத்தகம் விரிந்திருந்தது. திரைப்படப் பேச்சு நடந்ததா, கணக்கு நடந்ததா என்று எனக்குத் தெரியாது. குரல்கள் மட்டும் உரக்கக் கேட்டன. நான் தொலைவிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.